கல்யாணத்துக்கு மட்டும் ஓடிய பென்ஸ்

தைப்பூசத்தன்று காலையில் ஈப்போவுக்குள் நுழைந்ததுமே வண்டிகள் நின்றுவிட்டன. கல்லுமலைக் கோயிலுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ உறுமி கேட்டது. மடியில் பால்செம்போடு பின்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மாதான் முதலில் கவனித்தார். “தம்பி, அந்த முள்ளு ஏன் மேல ஏறுது?”

சூட்டு முள் 80-ஐத் தாண்டி 120-ஐப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்குவதற்குள் ஆவி குப்பென்று கிளம்பிவிட்டது. வெறும் ஆவி, வாடையே இல்லை. கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் மருந்துத் தண்ணீர்) கொதித்தால் இனிப்பாக ஒரு வாடை வரும். அது வராததே பெரிய தடயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. காவடியோடு போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளூர்த் தயாரிப்பான புரோட்டோன் சாகா நின்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். பென்ஸ் நின்றால் பார்ப்பார்கள்.

இது அந்த ஒரு வண்டியைப் பற்றிய ஆய்வு. 1989 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 230 இ, வெள்ளை நிறம், மலேசியாவின் பேராக் மாநிலத்து ‘ஏ’ எண் பலகை. (எங்கள் பக்கம் காருக்குக் காடி என்றுதான் பேர். பென்ஸுக்கு மட்டும் அந்தப் பேர் கிடையாது, பென்ஸ் பென்ஸ்தான்.) நான் சுங்கை சிப்புட்டில் லோரிக்காரர்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ரசீதைத் தூக்கிப்போடாத பழக்கம் தொழிலில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இதைக் கணக்கோடு எழுத முடிகிறது.

வண்டி வந்த வழி

பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீடு, விடியற்காலைப் பெரட்டு (பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது), பால் வாளி எல்லாம் பார்த்தவர். பின்னால் கொந்திரேக் (ஒப்பந்த வேலை) எடுத்து ஆள் வைத்துப் புல் வெட்டினார், உரம் போட்டார், கடைசியில் செம்பனை (எண்ணெய்ப் பனை) பழம் ஏற்ற இரண்டு லோரி வாங்கினார். 1997-இல் பொருளாதாரம் சரிந்தது. அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த மதிப்பு கண்டபடி ஆடி, 1998 செப்டம்பரில் 3.80 என்று கட்டிப்போடப்பட்டது. கடன் வாங்கிப் பெரிய வண்டி ஓட்டியவர்கள் விற்கத் தொடங்கிய நேரம் அது. கடனில்லாத பெரியப்பா ஈப்போவில் ஒருவரிடம் ரொக்கமாக 52,000 வெள்ளி கொடுத்து இந்தப் பென்ஸை எடுத்து வந்தார்.

வந்த அன்றே ஸ்டீயரிங்கில் சந்தனப் பொட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வாராவாரம் குளிப்பாட்டல். ஆனால் வேலைக்குப் போவது பழைய வேனில்தான். பென்ஸ் வெளியே வருவது கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் பெண்ணழைப்புக்கு இந்த வண்டிதான் போகும். மல்லிகைச் சரத்தைப் பானெட்டு நட்சத்திரத்திலிருந்து இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுவார்கள். நாங்கள் எண்ணிப் பார்த்தவரை அதில் ஏறி முப்பத்தொரு மணப்பெண்கள் போயிருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகையில், போர்வை போர்த்தி.

பெரியப்பா 2011-இல் காலமானார். ஜொகூர் பாருவில் இருக்கும் அண்ணனுக்கு அந்த வண்டி வேண்டாம். மூன்று வருடம் கொட்டகையில் கிடந்தது. 2014-இல் பெரியம்மா சாவியை என்னிடம் கொடுத்தார். புஸ்பாக்கோம் வாகனச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யில் பெயர் மாற்றினேன். அப்போது ஓடியிருந்தது 1,38,000 கிலோமீட்டர். இருபத்தைந்து வயது வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை. கிடைத்தது அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பிரச்சினையே அந்தக் குறைந்த எண்தான் என்று தெரிய இரண்டு வருடம் ஆனது.

நட்சத்திரமும் பால் மரமும்

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. எங்கள் ஊரிலிருந்து காடியில் அரை மணி நேரம். அதற்கு ஒன்பது வருடம் கழித்து, 1886 ஜனவரி 29 அன்று, ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். அந்த வண்டிக்குக் காற்றடைத்த டயர்கூடக் கிடையாது, கட்டி ரப்பர்தான். பின்னால் காடி பெருகியது, காடிக்கு டயர் வேண்டியிருந்தது, டயருக்கு ரப்பர், ரப்பருக்கு ஆள். தாத்தா கப்பலேறியது பஞ்சத்தால் என்று வீட்டில் சொல்வார்கள். அது பாதிதான். மீதிப் பாதி இந்த வண்டிகளின் கதைக்குள் இருக்கிறது.

பென்ஸ் வண்டியின் ‘உடைமையாளர் அனுபவம்’ என்று பேசுவதானால் முதலில் பேசவேண்டியது பெர்த்தா பென்ஸைப் பற்றி. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். சுமார் 106 கிலோமீட்டர். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற பெட்ரோலியத் திரவம் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். ஆக, இந்த வண்டியின் முதல் நெடும்பயணமே வழியில் நின்று நின்று பழுது பார்த்த பயணம்தான். கூட்டத்தில் முள்ளைப் பார்த்த எங்கள் பெரியம்மாவை நினைத்தால் எனக்குப் பெர்த்தாவும் சேர்ந்தே நினைவுக்கு வருவார்.

மெர்சிடிஸ் என்ற பெயர் இன்னொரு கம்பெனியிலிருந்து வந்தது. டைம்லர் வண்டிகளை வாங்கிப் பணக்காரர்களுக்கு விற்ற எமில் யெல்லினெக், 1900-இல் 36 வண்டிகளை மொத்தமாகக் கேட்டு, தன் மகள் பெயரை வைக்கச் சொன்னார். வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த 35 குதிரைத் திறன் வண்டி 1901-இல் நீஸ் நகரப் பந்தயங்களில் பெயர் வாங்கியது. 1902-இல் பெயர் பதிவானது, 1909-இல் மூன்று முனை நட்சத்திரம் பதிவானது, 1926 ஜூனில் பென்ஸும் டைம்லரும் ஒரே கம்பெனியாயின. நிலம், நீர், ஆகாயம் என்று அந்த மூன்று முனைக்கு விளக்கம் சொல்வார்கள். எங்கள் வண்டியின் நட்சத்திரத்தை 2003-இல் பள்ளிக்கூடப் பையன்கள் திருகிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது நிற்பது இரண்டாவது.

மலாயாவுக்கு இந்த வண்டி முறையாக வந்தது 1951-இல். 1899-இல் கோலாலம்பூரில் பலசரக்குக் கடையாகத் தொடங்கிச் சைக்கிளுக்கு மாறிய சைக்கிள் அண்ட் கேரியேஜ் நிறுவனம் அந்த ஆண்டு விற்பனை உரிமை பெற்றது. ஆனால் தோட்டத்துச் சனம் முதலில் ஏறிய பென்ஸ் டவ்கேயின் (முதலாளியின்) பென்ஸ் அல்ல, வெளியூர் டாக்சி. 190 டி, 200 டி என்ற டீசல் வண்டிகள். நாலு பேர் சேர்ந்து காசு பங்கு போட்டு ஏறினால் ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் போகலாம். டீசல் புகையும், வெயிலில் காய்ந்த சீட்டு வாடையும், முன் சீட்டில் ஒரு கோழிக் கூடையும். அப்பாவுக்குப் பென்ஸ் என்றால் அதுதான். ஒரே கம்பெனி வண்டி ஒருவருக்கு டாக்சி, இன்னொருவருக்குச் சாமி. எனக்கு இதில் எப்போதும் ஒரு வேடிக்கை உண்டு.

அந்த டாக்சிகள் சும்மா நின்றதே இல்லை. கிரேக்க நாட்டு டாக்சிக்காரர் ஒருவரின் 1976 மாடல் 240 டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டு 2004-இல் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. எங்களுடையது 1,38,000 ஓடி நோயாளியானது. இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

நாலு பட்டறை

தைப்பூசத்துக்கு அப்புறம் நடந்தது இது.

முதல் பட்டறை ஊரிலேயே. பையன் கை வைத்துப் பார்த்துவிட்டு, “தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கு அங்கிள், நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்ல” என்று கழற்றித் தூக்கிப்போட்டான். 85 வெள்ளி. இந்த வைத்தியம் நாடெங்கும் நடக்கிறது. சில வண்டிகளுக்கு ஓடவும் செய்யும். இந்த என்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே சமயம் என்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். பாதிச் சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பி வந்துவிடும். வண்டி முன்னைவிடச் சீக்கிரம் சூடேறியது.

இரண்டாவது பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய் மாற்றினார்கள். 450 வெள்ளி. அதில் தப்பில்லை, அடைப்பு இருந்தது உண்மை. மூன்றாவதில் முன்னால் இருக்கும் எலக்ட்ரிக் காற்றாடிகளை எப்போதும் சுற்றும்படி நேராக வயர் கொடுத்தார்கள். 120 வெள்ளி. இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் கோலகங்சார் போய்த் திரும்பும்போது, சாலைப் பணிக்காக நிறுத்தி வைத்த இடத்தில் மறுபடி கொதித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு முறையும் வண்டி நின்றபோதுதான் சூடேறியது. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில்கூட முள் 80-ஐ விட்டு அசையவில்லை. ஓடும்போது காற்று தானாக வரும், நிற்கும்போது காற்றாடிதான் இழுக்க வேண்டும். மூன்று பட்டறையிலும் யாரும் “எப்போ சூடாகுது?” என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் தப்பும் இதில் உண்டு.

நாலாவது ஆள் பட்டறையே வைத்திருக்கவில்லை. பென்ஸ் வண்டிகளிலேயே முப்பது வருடம் கை வைத்து ஓய்வு பெற்ற போர்மன் அண்ணன் ஒருவர், வீட்டு முன் கூரையடியில் வேலை செய்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அப்புறம் பானெட்டைத் தூக்கினார், ஏதோ ஒரு பிடியை அழுத்தினார், பானெட் செங்குத்தாக நின்றது. இரண்டு வருடம் வைத்திருக்கிறேன், அது அப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியாது. “இது திறந்து பார்க்கிறதுக்குன்னே செஞ்ச வண்டி தம்பி. நீங்க யாரும் முழுசாத் திறக்கவே இல்ல.”

எண்ணெய் மூடியைத் திருகி எனக்குக் காட்டினார். உள்பக்கம் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) நிறத்தில் நுரை படிந்திருந்தது. ரேடியேட்டர் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தார். அச்சு அசல் தே ஓ (பால் இல்லாத டீ). “எண்ணெய் தே தாரிக், தண்ணி தே ஓ. ரெண்டும் ஒட்டுக்கடையில இருக்க வேண்டியது” என்றார்.

பிறகு காற்றாடி. இந்த 230 இ-யின் பெரிய காற்றாடி என்ஜினோடு எப்போதும் சேர்ந்து சுற்றாது. நடுவில் மின்காந்தக் கிளட்ச் ஒன்று இருக்கிறது. தண்ணீர் நன்றாகச் சூடானதும் மின்சாரம் வந்து கிளட்ச் பிடிக்கும், காற்றாடி வேகமெடுக்கும். அந்த மின்சாரத்தை அதற்குக் கொண்டுபோவது ஒரு சின்ன கார்பன் பிரஷ். மாவரைக்கும் மிக்சி மோட்டாரில் இருக்குமே, அந்த மாதிரி. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பார்த்தார். ‘டக்’ என்று சத்தம் வரவேண்டும், வரவில்லை. கழற்றினால் பிரஷ் இருந்த இடத்தில் கருப்புத் தூள். விரல் நுனியில் வைத்து ஊதிவிட்டார்.

பிரஷ் தேய்வது வண்டியின் குற்றமல்ல. அது தேய்வதற்காகவே உள்ள சாமான். அது மட்டும் போயிருந்தால் கொஞ்சப் பணத்தோடு முடிந்திருக்கும். தண்ணீர்தான் பெரிய கதை. இந்த என்ஜினின் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் நனைகிற இடத்தில் அரிப்பு வராமல் தடுப்பது கூலண்டில் உள்ள மருந்து. பெரியப்பா வருடக்கணக்காக ஊற்றியது பைப்புத் தண்ணீர். சுத்தமான தண்ணீர்தானே என்ற நினைப்பு. அலுமினியம் உள்ளிருந்து அரித்து, துரு சேறாகி, வழிகள் குறுகி, ரேடியேட்டரும் அடைத்திருந்தது. அந்த நிலையில் திரும்பத் திரும்பக் கொதித்ததில் ஹெட் கேஸ்கெட் (தலைக்கும் உடலுக்கும் நடுவில் எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது.

வண்டிக்குள் கையுறைப் பெட்டியில் சர்வீஸ் புத்தகம் அப்படியே புதிதாக இருந்தது. கூலண்டை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. கிலோமீட்டர் எவ்வளவு என்றாலும். பெரியப்பா சர்வீஸ் செய்யாதவர் இல்லை. ரசீதுகள் இருக்கின்றன. ஆனால் அவர் எண்ணியது கிலோமீட்டரை மட்டும். லோரிக்காரர் புத்தி அது, லோரிக்கு அதுதான் சரியும்கூட. வருடம் 7,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு அந்தக் கணக்கில் எண்ணெய் மாற்றும் முறையே அபூர்வமாகத்தான் வரும். தண்ணீரும் ரப்பரும் பிரேக் எண்ணெயும் கிலோமீட்டரில் கிழடாவதில்லை, வருடத்தில்தான் கிழடாகின்றன. டாக்சிக்காரன் வண்டியை மாதாமாதம் திறந்து பார்த்தான், ஓடியது. நாங்கள் போர்வை போர்த்தி, பொட்டு வைத்து, மரியாதையிலேயே கெடுத்தோம்.

கணக்கு

மூன்று பட்டறைக்கும் போனது 655 வெள்ளி. போர்மன் அண்ணன் வேலை, தலையைக் கழற்றி ஈப்போவில் மட்டம் சீவியது, கேஸ்கெட், பிரஷ், புதுத் தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்ப், குழாய்கள், கூலண்ட் எல்லாம் சேர்த்து 3,140 வெள்ளி. நேராக வயர் கொடுத்ததையும் பழையபடி மாற்றினார். அன்றிலிருந்து இன்றுவரை முள் 80-க்கும் 100-க்கும் நடுவில்தான்.

பழைய பென்ஸ் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு எண்கள் சொல்லவேண்டும். தீபகற்ப மலேசியாவில் ரோட் டெக்ஸ் (வருடாந்திர சாலை வரி) என்ஜின் அளவைப் பொறுத்தது. 1.3 லிட்டர் சாகாவுக்கு 70 வெள்ளி. 2,000 சிசி தாண்டினால் 380 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசி-க்கும் ஒரு வெள்ளி. எங்கள் 2,300 சிசி வண்டிக்கு ஏறக்குறைய 680. அதுவே 300 இ என்றால் 2,000 வெள்ளியைத் தாண்டிவிடும், ஏனென்றால் 2,500-க்கு மேல் சிசி-க்கு இரண்டரை வெள்ளி. 200 மாடலையே நம் ஆட்கள் தேடுவது இதனால்தான். பெட்ரோல் டாங்கி 70 லிட்டர். லிட்டர் 2.05 வெள்ளி இருந்தபோது நிரப்பினால் 140-க்கு மேல்.

வாங்கினால் எந்த ஆண்டு என்று பாருங்கள். டபிள்யூ 124 என்ற இந்த வகை 1984 கடைசியில் அறிமுகமாகி, 25 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஆகவே சாமான் கிடைக்கும், பயமில்லை. 1990-களின் நடுவில் வந்தவற்றில் என்ஜின் வயரிங்கின் மேலுறை பொடிந்து உதிரும் வியாதி உலகறிந்தது. அதை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எங்களுடையது 1989 என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

குறையே சொல்லிக்கொண்டிருந்தால் நன்றியில்லாதவன் ஆகிவிடுவேன். ஒற்றை வைப்பர் ஒன்று இருக்கிறது. கண்ணாடி நடுவிலிருந்து கிளம்பி, மூலைக்கு வரும்போது நீண்டு, நடுவில் சுருங்கி, மறுபடி நீண்டு போகும். முன் கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைத்துவிடும். லிந்தாங் சாலையில் நாலு மணி மழை கொட்டும்போது அது ஆடுவதைப் பார்க்கவே ஒரு தடவை ஓட்டலாம். கதவு மூடும் சத்தத்தைப் பற்றி நிறையப் பேர் பேசுவார்கள். அது நிஜம்தான், ஆனால் எனக்கு வைப்பர்தான்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் கட்டாயம் வெளியே எடுக்கிறேன். சந்தைக்கு, வாடிக்கையாளர் கடைக்கு, சில நாள் கோலகங்சார்வரை. பின் சீட்டில் காய்கறிப் பை, சில சமயம் உர மூட்டைகூட. முதலில் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “அவர் இருந்திருந்தா உன்னை வெட்டியிருப்பார்” என்றார். போன மாதம் அவரே இரண்டு தேங்காய் மூட்டையைப் பின்னால் ஏற்றச் சொன்னார்.

ஒரே வேலை பாக்கி. ஏர்கோன் வாயு மெதுவாகக் கசிகிறது, உள்ளே இருக்கும் கூலிங் காயிலாகத்தான் இருக்கும் என்கிறார் போர்மன் அண்ணன். அதை எடுக்க டாஷ்போர்டு முழுவதையும் கழற்றவேண்டும், குறைந்தது மூன்று நாள். ஆவணியில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், முப்பத்திரண்டாவது மணப்பெண். அது முடியட்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.